என்னைப் பற்றி ஊரில் விசாரித்தவர்

நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. யாரைக் கேட்பார்கள் என்று மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்து, சொற்பப் புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறி, இணுவிலில் எங்கள் வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அப்பாவுக்கு வெங்காயத் தோட்டம். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் யாவாரிகளோடு வாயாட வராது. ஆகவே அறுவடைக் காலத்தில் சைக்கிளில் சந்தைக்குப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நாட்களில் கிணற்றடியில் நிற்பதும் என் வேலைதான். எங்கள் கிணறு பங்குக் கிணறு. யார் எப்போது இறைப்பது என்று முறை இருந்தது. முறை தவறினால் வாய் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது எனக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

அப்போதுதான் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கம்பனி. தலைமைக் கந்தோர் கொழும்பில், கிளை யாழ்ப்பாணப் பட்டினத்தில். அந்தக் கிளைக்குப் பயிலுநர்களை எடுக்கிறார்கள், பயிற்சி முடிந்தால் வேலை நிரந்தரம். பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருக்கவில்லை, விண்ணப்பிக்கக் கூடாது என்றும் இருக்கவில்லை. நான் விண்ணப்பித்தேன். அப்பா தடுக்கவில்லை. விண்ணப்பம் போடுவதால் ஒன்றும் நடந்துவிடப் போவதில்லை என்பது அந்தக் காலத்தில் எல்லாத் தகப்பன்மாருக்கும் தெரிந்திருந்தது.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை. அந்த வருடம் என் வயதுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கலியாணமாகிப் போய்க்கொண்டிருந்தார்கள். இது தவறினால் அடுத்து என்ன என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எனக்கு அது பயமாக இருந்தது. அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது.

புத்திமதிகள் வந்து குவிந்தன. கதிரையில் இருக்கச் சொல்லும்வரை இருக்காதே என்றாள் ஒரு சிநேகிதி. கண்ணைப் பார்த்துப் பதில் சொல் என்றார் அவளுடைய அண்ணை, வங்கியில் வேலை செய்பவர். பெண் பிள்ளை கண்ணைப் பார்த்தால் துணிந்த கட்டை என்று நினைப்பார்கள், மூக்கைப் பார் என்றாள் அவருடைய மனைவி. பொது அறிவு கேட்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மொங்கோலியாவின் தலைநகரம் வரைக்கும் பாடமாக்கினேன். அந்த ஊரின் பெயரை இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

நேர்முகத்துக்கு முந்திய கிழமை ஒரு நாள், நான் சந்தையால் வந்து சைக்கிளைச் சாத்த முதலே அம்மா படலைக்கு ஓடிவந்தா. முகமெல்லாம் பல்.

"எடியே, பகுதி வந்திட்டுப் போகுது!"

பகுதி என்றால் எங்கள் ஊரில் மாப்பிள்ளைப் பகுதி. வேறு பகுதி கிடையாது.

நடந்தது இதுதான். வாடகைக் கார் ஒன்றில் ஒரு மனிதர் வந்து கோயிலடித் தேத்தண்ணிக் கடையில் இறங்கியிருக்கிறார். நீளக் காற்சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி, முன்பக்கம் வழுக்கை. கடைக்காரரிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி, குடும்பம் எப்படி, பிள்ளை எப்படி, பிள்ளையின் பழக்கம் போக்குவரத்து எப்படி என்று தாழ்ந்த குரலில் விசாரித்திருக்கிறார். எங்கள் ஊரில் இந்த மூன்றையும் தாழ்ந்த குரலில் கேட்பவர் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வந்திருப்பார். கடைக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்பார்களே, அந்த ஆயிரத்தில் தன் பங்கை அவர் குறைவில்லாமல் சொன்னார்.

"தங்கமான பிள்ளை ஐயா. தலை நிமிராது. றோட்டிலை போறதே தெரியாது."

அதற்கு முதல் கிழமைதான் அவர் விற்ற ஊசிப்போன பணிசை அவருடைய மேசையிலேயே திருப்பி வைத்து, நாலு பேருக்கு முன்னால் கேள்வியும் கேட்டுவிட்டு வந்திருந்தேன். இருந்தாலும் கலியாண விசாரணை என்று வந்துவிட்டால் ஊர் அப்படித்தான். கோபதாபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வாயாய் நின்று பெண்ணைக் கரை சேர்க்கும்.

பிறகு அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா தனியாக இருந்தா.

"ஒரு விஷயமாய் விசாரிக்க வந்தனான்" என்று அவர் தொடங்க, "விளங்குது, விளங்குது, முதல் இருங்கோ" என்று அம்மா கதிரையைத் துடைத்துவிட்டா. முதல் வருகையில் விஷயத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் சொல்லவில்லை. அம்மா கேட்கவில்லை.

"பிள்ளை இல்லையோ?"

"கோயிலுக்குப் போட்டுது" என்றிருக்கிறா அம்மா. நான் அந்த நேரம் சந்தையில் லொறிக்குப் பக்கத்தில் நின்று யாவாரியோடு கத்திக்கொண்டிருந்தேன்.

"வேலைக்குப் போறதுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாவாம் எண்டு கேள்வி. பிள்ளைக்கு அதிலை விருப்பமோ?"

"ஐயோ, அது சும்மா பம்பலுக்குப் போட்டது. அவளுக்கு அந்த எண்ணமே இல்லை. வீட்டோடை இருக்கிற பிள்ளை. நாலு பேர் நிண்டால் வாய் திறக்காது."

இதையெல்லாம் அம்மா எனக்குச் சொல்லும்போது தன் கெட்டித்தனத்தை நினைத்துப் பூரித்துப் போயிருந்தா. நானோ, வந்தவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டால், நேர்முகத்துக்குப் போக விடமாட்டார்கள் என்றுதான் பயந்தேன்.

அப்படித்தான் நடக்கப் பார்த்தது. அன்று பின்னேரம் அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவியதும் அம்மா விஷயத்தைச் சொன்னா. அவர் துவாயால் முகத்தைத் துடைத்தபடி யோசித்தார்.

"அப்ப உந்த இன்ரவியூ என்னத்துக்கு? வந்தவை வேலைக்குப் போற பொம்பிளை வேண்டாம் எண்டு நினைச்சினமெண்டால்?"

"ஆரெண்டே தெரியாத ஆக்களுக்காகக் கையிலை கிடைச்சதை விடச் சொல்லுறியளோ?" என்றேன்.

"கிடைச்சதோ? கூப்பிட்டிருக்கினம். அவ்வளவுதான்."

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. தராசடிக்கும் போகவில்லை. அந்த இரண்டு நாளில் ஒரு யாவாரி அவரை நன்றாக ஏமாற்றினான் என்று பிறகு கேள்விப்பட்டேன், அதற்காக நான் வருந்தவுமில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "சரி, போய்ப் பார். நானும் வாறன். ஆனால் கிடைச்சாலும் அவையின்ரை முடிவு தெரிஞ்ச பிறகுதான் வேலை" என்றார். அது போதும் என்று தலையாட்டினேன்.

கம்பனியின் கிளை பெரியகடைப் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. அப்பா கீழே வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். மேலே வாங்கில் வரிசையாகப் பொடியன்கள், கழுத்துப்பட்டி கட்டிப் பழகாத கழுத்துகள். பெண் என்று நான் ஒருத்திதான். நான் போய் இருந்ததும் பக்கத்தில் இருந்தவன் மெல்ல எழுந்து சுவரோடு நின்றுகொண்டான். அது மரியாதையா பயமா என்று எனக்கு விளங்கவில்லை.

நேர்முகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை எதிர்பார்க்கலாம். காத்திருக்கும் இடம்தான் உள்ளே இருப்பதைவிடக் கொடியது. ஒவ்வொருவனும் வெளியே வரும்போது மற்றவர்கள் ஈயாய் மொய்த்து "என்ன கேட்டவை, என்ன கேட்டவை" என்பார்கள். வந்தவன் உண்மையைச் சொல்லமாட்டான். ஒருவன் "சும்மா கதைச்சவை" என்றான். அடுத்தவன் "கணக்கு மட்டும்தான்" என்றான். இன்னொருவன் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டான், அவனுடைய சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. என் உள்ளங்கை ஈரமாகிக்கொண்டே இருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து அந்த இடம் கசங்கிப்போனது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கொழும்பிலிருந்து வந்த பெரியவர், வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். இடது பக்கத்தில் இளம் கணக்காளர். வலது பக்கத்தில் இருந்தவரை நான் பார்த்தேன். முன்பக்கம் வழுக்கை. தங்க விளிம்புக் கண்ணாடி. உலகத்தில் அப்படி ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். பெரியவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். எங்கே படித்தேன், ஏன் வர்த்தகம், தட்டெழுத்துத் தெரியுமா என்றார். பாடமாக்கி வைத்த ஆங்கிலம் ஒழுங்காக வந்தது. மூக்கையும் பார்க்காமல் கண்ணையும் பார்க்காமல் நெற்றியைப் பார்த்துப் பதில் சொன்னேன். பரவாயில்லை, தப்பிவிடுவேன் என்று மூச்சு விட்ட நேரம், கண்ணாடிக்காரர் தமிழில் கதைத்தார்.

"உங்கடை வீட்டை வந்தனான் பிள்ளை. அம்மா நல்ல மனுசி."

அவரேதான். அவர் தொடர்ந்து சொன்னார். காசு புழங்கும் வேலை என்பதால் எடுக்கப்போகிறவர்களை ஊரில் போய் விசாரிப்பது கம்பனியின் வழக்கமாம். சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கேட்டால்தான் உண்மை வருமாம். என்னைப் பற்றி நல்லதைத் தவிர ஒருவரும் சொல்லவில்லையாம்.

"அதுதான் எங்களுக்குப் பிரச்சினை" என்றார். "இந்த வேலைக்கு ஊர் ஊராய்க் கடையளுக்குப் போகவேணும். கடன் வைச்ச முதலாளிமாரைக் கண்டு கேக்கவேணும், லொறிக்காரரோடை கதைக்கவேணும். நீங்கள் வாய் திறக்கமாட்டியள், றோட்டுக்கு வரமாட்டியள் எண்டு ஊர் சொல்லுது. வேலையிலை எண்ணமே இல்லை எண்டு பெத்த தாய் சொல்லுறா. அப்ப ஏன் பிள்ளை வந்தனீங்கள்?"

விளக்கம் சொல்வது லேசு. ஆனால் அந்த விளக்கத்தை, கலியாணமாகாத ஒரு பெண், முன்பின் தெரியாத மூன்று ஆண்களுக்கு முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒருத்தி சொன்னாள் என்று வெளியே கதைபட்டால் பெயர் கெட அது போதும். சொல்லாவிட்டால் படியிறங்கிப் போக வேண்டியதுதான். கீழே அப்பா வேப்பமரத்தடியில் நிற்கிறார்.

"சேர், அவை உங்களை மாப்பிளைப் பகுதி எண்டு நினைச்சிட்டினம்."

கண்ணாடிக்காரரின் முகம் வழுக்கை வரைக்கும் சிவந்தது. பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சானாலும் அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொழும்பு, எங்கள் வழக்கம் தெரியாது என்று பிறகு அறிந்தேன். இளம் கணக்காளர் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். பெரியவருக்குத் தமிழ் அரைகுறை. என்ன, என்ன என்று கேட்டு, விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சரி, அவர்கள் பொய் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம், நீ சொல்வது உண்மை என்பதற்கு என்ன சாட்சி என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேலை வேண்டும் என்றால் யாரும் எதையும் சொல்லலாம் என்றார்.

ஊரே திரண்டு நின்று என் வாயைக் கட்டிவிட்டிருந்தது, அதுவும் அன்பினால். அந்த அன்பின்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சமல்ல.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒராள் மட்டும் வேறை மாதிரிச் சொன்னவா. நான் காருக்குத் திரும்பிப் போகேக்கை ஒழுங்கையிலை வழிமறிச்சவா. கிணறு ஒண்டைப் பற்றித் தொடங்கினா. ஏதோ கோபத்திலை சொல்லுறா எண்டு நான் கணக்கிலை எடுக்கேல்லை."

கிணறு என்றதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. எங்கள் பங்குக் கிணற்றில் மற்றப் பங்குக்காரி, அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரி, எனக்கு மாமி முறை. இறைப்பு முறையில் வந்த தகராறால் எங்களோடு முகம் முறித்துப் பல காலம். ஊரெல்லாம் என்னைக் கரை சேர்க்கப் பாடுபட்டபோது, அந்தக் கலியாணத்தைக் குழப்பவென்று ஒழுங்கைக்கு ஓடிப்போனவ அவ ஒருத்திதான்.

"என்ன சொன்னவா சேர்?"

"அது வேண்டாம் பிள்ளை. நல்ல கதை இல்லை."

"சொல்லுங்கோ."

அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையாட்டினார்.

"வாயாடி எண்டா. ஆம்பிளை மாதிரிச் சைக்கிளிலை திரியிறவள் எண்டா."

"உண்மை சேர்."

"முறை முடிஞ்சு போச்செண்டு சொல்லி, ஆம்பிளையள் நிக்க, அவையின்ரை இறைக்கிற மிசினை நீங்களே போய் நிப்பாட்டினதாம்."

"உண்மை. அவையின்ரை நேரம் முடிஞ்சு எங்கடை வெங்காயம் வாடிக்கொண்டு நிண்டது."

"சந்தையிலை லொறிக்காரரோடை சண்டை பிடிக்கிறதாம்."

"உண்மை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பொடியளோடை திரியிறதாம்."

"அது பொய்" என்றேன். "அது மட்டும் பொய். மற்றதெல்லாம் உண்மை."

பெரியவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். சந்தையில் என்ன சண்டை என்று கேட்டார். ஆங்கிலத்தில் தொடங்கி, கோபம் வர வரத் தமிழுக்கு மாறி, நான் சொன்னேன். நிறுக்கும்போது சாக்கின் பாரத்தைக் கழிப்பார்கள், அது நியாயம். மண்ணுக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், அதுவும் போகட்டும். பிறகு சிட்டை எழுதும்போது கழிவு என்று மொத்தமாக இன்னொரு தரம் கழிப்பார்கள். அது எதற்கு என்று கேட்டால் வழமை என்பார்கள். சாக்குக்கு ஒரே ஒரு தரம்தான் பாரம் என்று நான் சொல்லுவேன். கணக்கைத் திருத்தும்வரை லொறிக்கு முன்னால் நிற்பேன். கண்ணாடிக்காரர் மொழிபெயர்க்க, கணக்காளர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"அப்ப அம்மா சொன்னது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். பொல்லாத மனிதரல்ல. எல்லாவற்றையும் ஒழுங்காகத் தீர்த்துவிட்டுப் போகவே கேட்டார்.

தெரியாமல் சொல்லிவிட்டா என்றிருக்கலாம். பழைய காலத்து மனுசி என்றிருக்கலாம். எனக்கு அப்போது வேலையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"அம்மா சொன்னது பொய்" என்றேன்.

மற்றவர்களோடு என்னையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். மத்தியானம் தாண்டி எழுதுவினைஞர் ஒருவர் வந்து தெரிவானவர்களின் பெயர்களை வாசித்தார். என் பெயர் கடைசியாக வந்தது. அதற்கு முன்வந்த ஒவ்வொரு பெயருக்கும் எனக்கு ஒரு தரம் உயிர் போய் வந்தது.

கீழே அப்பாவுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். பகுதியாரின் முடிவு தெரியட்டும் என்று அவர் தொடங்க, பகுதியார் யார் என்பதையும் சொன்னேன். பஸ்ஸில் ஏறினோம். கொக்குவிலில் அவர் திடீரென்று, "கொம்பனி எண்டு சொல்லுறதுக்கு அந்தாளுக்கு வாயிலை என்ன கொழுக்கட்டையோ?" என்று பஸ் முழுவதும் கேட்கக் கத்தினார். அதற்குப் பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கும்போது மட்டும், "அம்மாவுக்கு நீயே சொல்லு" என்றார்.

அம்மா முற்றத்தில் சாக்கு விரித்துச் செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். பகுதி இல்லை என்று கேட்டதும் அவவின் கை நின்றது. கிணற்று மாமியின் கதையைச் சொன்னபோது அம்மா சிரிப்பா என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நான் சொன்னதையும் அவர் அங்கை சொன்னவரோ?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனீ?"

"பொய் எண்டு சொன்னன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஒரு மிளகாயை எடுத்தா, காம்பைக் கிள்ளினா, சுளகில் போட்டா.

"பொய்தான் மோனை" என்றா. "நீ வாய் காட்டாத பிள்ளை எண்டால், கட்டிப் போற இடத்திலை உனக்கு அடிக்கவெண்டு ஒருத்தரும் கை நீட்டமாட்டாங்கள் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்."

அப்படி ஒரு பயத்தை அம்மா எத்தனை காலமாக எனக்காக வைத்திருந்தா என்று எனக்குத் தெரியாது. அவவின் கெட்டித்தனம் என்று நான் நினைத்ததெல்லாம் அந்தப் பயம்தான். மூன்று பேருக்கு முன்னால் திறந்த வாய் அம்மாவுக்கு முன்னால் திறக்கவில்லை. நேர்முகச் சேலையோடு அப்படியே பக்கத்தில் குந்தி, நானும் காம்பு கிள்ளத் தொடங்கினேன்.